பதினாறில் ஒரு வாசல்

அபுதாஹிர்: முடியாதுன்னா முடியாதுதான் மாப்ள. பெட்டிய மூடுங்க.

ஹக்கீம்: மூடுறதுக்கு விருதுநகர்ல இருந்து தூக்கிட்டு வரல மாமா.

அபுதாஹிர்: பேரன வீட்டுல விட்டுட்டு ஜும்மா முடிஞ்சு வந்தீக, ரெண்டு வாய் சோறு திம்பீகன்னு பார்த்தா... பிரஸ்ஸுக்குள்ளயே ஆஸ்பத்திரி வச்சிட்டீக. அடுத்த மாசம் சுமைராவுக்கு நிக்காஹ். ஞாவகம் இருக்கா?

ஹக்கீம்: இருக்கு. அதனாலதான் இன்னிக்கு வந்தேன்.

அபுதாஹிர்: மெல்லப் பேசுங்க. ஆளுக காதுல விழுந்தா...

ஹக்கீம்: இன்னிக்கு மெஷின் ஓடல. ஒருத்தரும் இல்ல. பார்த்துட்டுத்தான் வந்தேன்.

அபுதாஹிர்: எல்லாம் பார்த்துட்டுத்தான் வருவீக. ஏ பிள்ள சுமைரா! டீ என்னாச்சு?

சுமைரா: இந்தா, வந்துட்டேன்... மச்சானுக்குச் சீனி கம்மி, அத்தாவுக்குச் சீனியே இல்ல. என்ன, என் பேரு அடிபட்டுச்சு?

அபுதாஹிர்: ஒம் பேரு எங்கயும் அடிபடக் கூடாதுன்னுதான் இங்கன சண்ட நடக்கு. நீ மாடிக்குப் போ.

சுமைரா: எனக்குத்தான் ஈசிஜி எடுக்கணும்னு மச்சான் சொல்லுதாக. நான் மாடிக்குப் போயிட்டா யாருக்கு எடுப்பாக?

அபுதாஹிர்: ஒருத்தருக்கும் எடுக்கப்போறதில்ல. ஏன் மாப்ள, பொம்பளப் பிள்ள நெஞ்சுல வயரு ஒட்டுறதுக்கு நான் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?

ஹக்கீம்: நெஞ்சுல வேண்டாம். ரெண்டு கையில, ரெண்டு கால்ல கிளிப்பு. அவ்வளவுதான்.

சுமைரா: துணி காயப்போடுற கிளிப்பு மாதிரில்ல இருக்கு. கடிக்குமா மச்சான்?

ஹக்கீம்: கடிக்காது.

அபுதாஹிர்: சிரிக்காத பிள்ள. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும் தெரியுமா? மூத்தவ திடீர்னு போயிட்டா, இளையவளுக்கும் நெஞ்சுல ஏதோ கோளாறாம், கல்யாணத்துக்கு முன்னால மெஷின் வச்சுப் பார்த்தாகளாம்... இம்புட்டு போதும். பந்தக்கால பிடுங்கிட்டுப் போயிருவாக.

ஹக்கீம்: தெரியாம இருந்தா என்னாகும் மாமா?

அபுதாஹிர்: என்ன?

ஹக்கீம்: மாப்பிள்ளை வீடு வெடி ஏஜென்சி. ஊர்வலத்துல சரவெடி போடுவாங்க. பத்தாயிரம் வாலா. உங்க மக பக்கத்துல நிப்பா.

அபுதாஹிர்: ... வாயக் கழுவுங்க மாப்ள.

ஹக்கீம்: கழுவிட்டேன். இப்ப எடுக்கலாமா?

அபுதாஹிர்: யா அல்லா, இந்த மனுசன் உடும்புல்ல! கேளுங்க. தஹ்மீனா போனது பயத்துல. அந்த டாக்டரும் அதான் சொன்னாரு. வெடிச் சத்தம், பயந்த பிள்ள, உசுரு போயிருச்சு. அதோட முடிஞ்சுச்சு.

ஹக்கீம்: பயந்த பிள்ளையா? அடுப்படிக்குள்ள வந்த பாம்ப வெளக்குமாத்தால அடிச்சவ.

சுமைரா: அது சாரைதான் மச்சான். அவதான் நாகம் நாகம்னு தெரு பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

ஹக்கீம்: எங்கிட்டயும் நாகம்னுதான் சொன்னா.

சுமைரா: சொல்லுவா, சொல்லுவா...

ஹக்கீம்: அன்னிக்குக் கொடியில துணி போட்டுக்கிட்டிருந்தா. தெருவுல பயலுக ஒரு வெடி போட்டாங்க. ஒண்ணே ஒண்ணு. எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிச்சுக்கிட்டிருந்தாங்க. பால்காரர் நின்னாரு. எல்லாரும்தான் கேட்டாங்க. விழுந்தது இவ மட்டும்.

அபுதாஹிர்: ... அது அணுகுண்டு வெடி. அந்த டப்பா லேபிள் யாரு அடிச்சது தெரியும்ல?

ஹக்கீம்: தெரியும்.

அபுதாஹிர்: இந்த மெஷின்லதான் அடிச்சது. அதுக்கப்புறம் சத்தம் போடுற சரக்குக்கு லேபிள் ஆர்டரே நான் தொடல. மத்தாப்பு, சங்குச்சக்கரம், சாட்டை... வெளிச்சம் மட்டுந்தான். சீசன் நேரத்துல வர்ற லோட வேண்டாங்கேன். பிரஸ்ஸுல கூட்டு வச்சிருக்க எம் பங்காளி சோலைச்சாமி என்னைக் கிறுக்கன்னு சொல்லுதான்.

ஹக்கீம்: நீங்க அடிச்ச லேபிள் அவளக் கொல்லல மாமா. சத்தம் வந்து கதவத் தட்டுச்சு. அவ்வளவுதான். உள்ள வாசல் ஒண்ணு சரியா திறந்து மூடல.

அபுதாஹிர்: என்ன வாசல்?

ஹக்கீம்: நெஞ்சு ஒவ்வொரு தடவை துடிச்சதும் அடுத்த துடிப்புக்கு முன்னால தயாராகணும். அதுக்கு உள்ள இருக்கிற பொட்டாசியம் கொஞ்சம் வெளிய போகணும். போறதுக்குப் பொடிப்பொடியா லட்சக்கணக்குல வாசல் இருக்கு.

அபுதாஹிர்: பொட்டாசியம்னா... வெடியுப்புல இருக்கிறதா?

ஹக்கீம்: அதே பொட்டாசியம்தான்.

சுமைரா: அப்ப நெஞ்சுக்குள்ள வெடியுப்பு வச்சிருக்கோமா? அத்தா, வெளிய சொல்லிராதீக. லைசென்ஸ் எங்கன்னு கேப்பாக.

அபுதாஹிர்: இவளக் கட்டப்போற பையன் பாவம்... சொல்லுங்க மாப்ள.

ஹக்கீம்: அந்த வாசல் சரியான நேரத்துக்குத் திறக்கணும். திறக்கலைன்னா நெஞ்சு தயாராகப் பிந்தும். பிந்துற அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல திடுக்குன்னு ஒரு சத்தம் வந்தா, தாளம் தப்பிரும். நெஞ்சு துடிக்காது. நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது.

அபுதாஹிர்: ... விழுந்திருவாக.

ஹக்கீம்: விழுந்திருவாங்க. சில பேரு தானா எந்திரிச்சிருவாங்க. மயக்கம், வெயிலு, பயந்த கோளாறு, காக்கா வலிப்புன்னு எதையாவது சொல்லித் தாயத்துக் கட்டிருவோம். சில பேரு எந்திரிக்க மாட்டாங்க.

அபுதாஹிர்: சரி. எல்லாருக்கும் இருக்கிற வாசல்தான? எம்மவளுக்கு மட்டும் ஏன் திறக்காம போச்சு?

ஹக்கீம்: ஒரு வாசல் ஒத்தத் துண்டு இல்ல மாமா. நாலு துண்டு வட்டமா சேர்ந்தாத்தான் ஒரு வாசல். நடுவுல இருக்கிற சந்துதான் வழி. தனித் துண்டு ஒண்ணுக்கும் உதவாது.

அபுதாஹிர்: ஓ... நம்ம நாலு கலரு மாதிரி. மஞ்ச, சேப்பு, நீலம், கறுப்பு. நாலு பிளேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தாத்தான் படம்.

ஹக்கீம்: கிட்டத்தட்ட. ஆனா அங்க நாலும் வேற வேற. இங்க நாலும் ஒரே மாதிரி. ஒரே அச்சுல வார்த்தது.

அபுதாஹிர்: ஒரே அச்சுன்னா எப்படிக் கெடும்?

ஹக்கீம்: அச்சு ரெண்டு இருக்கு. ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. உடம்பு ரெண்டுலயும் மாத்தி மாத்தி வார்க்கும். அதுல ஒரு அச்சுல மட்டும் பிசகுன்னு வச்சுக்கோங்க.

அபுதாஹிர்: வச்சுக்கிட்டேன். அப்ப பாதித் துண்டு நல்லது, பாதித் துண்டு நொள்ளை. பாதி வாசல் கெட்டுப்போகும், மிச்சப் பாதி ஓடும். சீசன்ல நான் பாதி மெஷின வச்சே லோடு முடிச்சிருக்கேன் மாப்ள. உடம்பால முடியாதா?

ஹக்கீம்: பாதி மிஞ்சாது.

அபுதாஹிர்: ஏன் மிஞ்சாது? கணக்கு சொல்லுதேன்ல!

ஹக்கீம்: நாலு துண்டு சேரும்போது நல்லது கெட்டது பார்த்துச் சேராது. கண்ணக் கட்டிக்கிட்டு அள்ளுற மாதிரி. நாலுல ஒண்ணு நொள்ளையா இருந்தாலும் அந்த வாசல் திறக்காது. மத்த மூணும் தங்கமா இருந்தாலும் சரி.

சுமைரா: ஒத்தத் துண்டுக்காக மூணு நல்ல துண்டும் வீணா?

ஹக்கீம்: ஆமா. பிசகுன துண்டு சேரவே தெரியாததா இருந்தா இம்புட்டு மோசம் இல்ல. தனியாக் கிடந்து அழிஞ்சிரும். மாமா சொன்ன பாதி மிஞ்சும். இது சேர நல்லாத் தெரிஞ்ச துண்டு. சேர்ந்துக்கிட்டு, திறக்க விடாது.

அபுதாஹிர்: எம் பங்காளி சோலைச்சாமின்னு சொல்லுங்க.

சுமைரா: அய்யோ அத்தா!

அபுதாஹிர்: கையெழுத்துப் போட மொத ஆளா வருவான். அதுக்கப்புறம் கம்பெனில ஒரு வேலைய ஓட விடமாட்டான்... சரி, அப்ப நாலும் நல்லதா அமையுற வாசல் எம்புட்டு?

ஹக்கீம்: அந்த லேபிள் தாளக் குடுங்க. மடிக்கிறேன். மொதத் துண்டு நல்லதா அமைய, பாதி. மடிச்சாச்சு. ரெண்டாவதும் நல்லதா அமைய, அதுலயும் பாதி. மூணாவது...

அபுதாஹிர்: இங்க குடுங்க, நான் மடிக்கேன். நீங்க மடிச்சா ஓரம் சேராது. ரெண்டு, நாலு, எட்டு... நாலாவது மடிப்பு... பதினாறு.

ஹக்கீம்: விரிச்சுப் பாருங்க.

அபுதாஹிர்: இது லேபிள் வெட்டுற கணக்குல்ல! ஒரு தாளுக்குப் பதினாறு லேபிள்.

ஹக்கீம்: அதுல ஒரே ஒரு லேபிள்தான் நல்ல அச்சு. மிச்சம் பதினஞ்சும் கழிவு.

அபுதாஹிர்: பதினாறுல ஒண்ணு... அதை வச்சுக்கிட்டா எம்மவ இருபத்தஞ்சு வயசு வரைக்கும்...

ஹக்கீம்: வேற வகை வாசலும் இருக்கு. அது கொஞ்சம் ஈடு குடுக்கும். அமைதியா இருக்கும்போது சமாளிச்சிரும். திடுக்குன்னு ஒண்ணு வர்ற வரைக்கும்.

சுமைரா: அத்தா, டீ ஆறுது.

அபுதாஹிர்: மாப்ள, நீங்க காலேஜ்ல பாடம் நடத்துறவுக. சொன்னா நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாது. எங்க அத்தா எண்பது வரைக்கும் வெத்தல இடிச்சுத் தின்னாரு.

ஹக்கீம்: உங்க அம்மா?

அபுதாஹிர்: அவுக... நான் சின்னப்பிள்ளையா இருக்கும்போதே போயிட்டாக. கிணத்துல.

ஹக்கீம்: விழுந்தாங்களா?

அபுதாஹிர்: தண்ணி எறைக்கும்போது தவறி. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீக!

ஹக்கீம்: போடல. சுமைராவுக்கு எடுத்துட்டா ஒருத்தரும் எதுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அபுதாஹிர்: அவளத் தொடக் கூடாது. கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் அவ புருசன் பாடு.

ஹக்கீம்: புருசன் பாடுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் மாமா. நான் போகமாட்டேன். இன்னிக்கு எடுக்க விடலைன்னா நாளைக்கு வருவேன். நாளைக்கும் இல்லைன்னா மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போயி உக்காருவேன்.

அபுதாஹிர்: மிரட்டுதீகளா?

ஹக்கீம்: ஆமா.

அபுதாஹிர்: பாரு பிள்ள! ஒன் மச்சான் பேசுற பேச்சப் பாரு! சாந்தமான மனுசன்னு நெனச்சுப் பொண்ணு குடுத்தேன்.

சுமைரா: சண்ட வேண்டாம். அத்தா, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காதீக. நம்ம ரத்தத்துல ஒண்ணுமில்லன்னுதான சொல்லுதீக?

அபுதாஹிர்: ஒண்ணுமில்ல!

சுமைரா: அப்ப நீங்க படுங்க. உங்களுக்கு எடுக்கட்டும். சுத்தமா வந்துச்சுன்னா மச்சான் வாய அடச்சிரலாம்ல.

அபுதாஹிர்: எனக்கா? எனக்கு எதுக்கு?

சுமைரா: எனக்கு எடுத்தாத்தான ஊரு பேசும்? உங்களுக்கு எடுத்தா யாரு பேசப்போறா?

அபுதாஹிர்: ... ஏன் மாப்ள, அவ சொல்லுததுக்கு நீங்க ஒத்துக்கிடுவீகளா? எனக்குச் சுத்தமா இருந்தா பெட்டியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு பிடிச்சிரணும். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே இங்கன வரக்கூடாது.

ஹக்கீம்: வராது.

அபுதாஹிர்: சத்தியமா?

ஹக்கீம்: சொன்னாச் சொன்னதுதான்.

அபுதாஹிர்: ... மேசை மேல கெடக்க பிளேட்ட எடுத்துக் கீழ வை பிள்ள. நான் படுக்கேன். சட்டையக் கழட்டணுமா?

ஹக்கீம்: வேண்டாம். கைய மடிச்சு விட்டுக்கோங்க. மோதிரத்தக் கழட்டுங்க.

அபுதாஹிர்: ஆத்தாடி, சில்லுன்னு இருக்கு. என்னத்தத் தடவுதீக? ரோலருக்குப் போடுற கிரீஸ் கணக்கா...

ஹக்கீம்: பேசாம இருங்க. பேசுனா கோடு ஆடும்.

சுமைரா: மச்சான், இந்தப் பெட்டி இனிமே இங்கனயே இருக்கட்டும். அத்தா வாய மூட வேற வழியே இல்ல.

ஹக்கீம்: அவரச் சிரிக்க வைக்காத.

சுமைரா: இல்ல, இல்ல... தாளு வருது.

ஹக்கீம்: மூச்சு சாதாரணமா விடுங்க மாமா... இன்னும் கொஞ்சம்... போதும்.

அபுதாஹிர்: என்ன, ப்ரூஃப் வந்துருச்சா? காட்டுங்க. நான் பார்க்காத ப்ரூஃபா?

ஹக்கீம்: ஸ்கேல் எங்க இருக்கு?

சுமைரா: இந்தாங்க.

அபுதாஹிர்: எதுக்கு அளக்கீக? ஒரு தடவ அளந்தாப் பத்தாதா? மாப்ள... ஏன் திரும்பத் திரும்ப அளக்கீக?

ஹக்கீம்: மாமா, எந்திரிச்சு உக்காருங்க. மெதுவா.

அபுதாஹிர்: சொல்லுங்க.

ஹக்கீம்: இந்தக் கூர்ப்பு தெரியுதா? அது துடிப்பு. அதுக்குப் பின்னால வர்ற இந்த மேடு, நெஞ்சு தயாராகுறது. இங்க முடிஞ்சிருக்கணும்.

அபுதாஹிர்: முடியலையே. இழுத்துக்கிட்டே போகுது.

ஹக்கீம்: ஆமா.

அபுதாஹிர்: எல்லா மேடும் அப்படியா? லென்ஸ எடு பிள்ள... எல்லாமே அப்படித்தான் இருக்கு.

ஹக்கீம்: நான் டாக்டர் இல்ல. நாளைக்கு மதுரையில பெரிய டாக்டர் பார்த்துச் சொல்லணும். ஆனா எனக்குச் சந்தேகம் இல்ல.

அபுதாஹிர்: ... அப்ப சுமைராவுக்கு எடுங்க. இப்பவே எடுங்க. வா பிள்ள, படு. கல்யாணம் கெடக்கு கழுத! வந்து படுங்கேன்!

சுமைரா: அத்தா... எனக்கு எடுத்தாச்சு.

அபுதாஹிர்: எப்ப?

சுமைரா: கல்யாணச் சேலை எடுக்க மதுரைக்குப் போனோம்ல. அன்னைக்கே. எனக்கு ஒண்ணுமில்ல. டாக்டர் ஓட விட்டு, உக்கார வச்சு, ரெண்டு தடவ பார்த்தாரு. அம்மாவுக்கும் பார்த்தாச்சு. அம்மாவுக்கும் ஒண்ணுமில்ல.

அபுதாஹிர்: கமருன்னிசாவுக்கும் தெரியுமா?

சுமைரா: அம்மாதான் யோசனையே சொன்னாக. ஒங்க அத்தாவ நேராக் கூப்பிட்டா வரமாட்டாரு, ஒன் மேல கைய வச்சாத்தான் குறுக்க வந்து படுப்பாருன்னு.

அபுதாஹிர்: அப்ப இந்தப் பெட்டி... எனக்கா வந்துச்சு?

ஹக்கீம்: உங்களுக்குத்தான்.

அபுதாஹிர்: வெக்கமா இல்லையா மாப்ள? நேராச் சொல்ல வேண்டியதுதான?

ஹக்கீம்: போன மாசம் நாரணாபுரத்துல என்ன நடந்துச்சு மாமா?

அபுதாஹிர்: என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல.

சுமைரா: வேன் ஓட்டுற பெத்தணன் அண்ணன் எங்கிட்டச் சொல்லிட்டாக. லேபிள் லோடு இறக்கும்போது பக்கத்துக் கம்பெனில வெடி சோதிச்சாகளாம். நீங்க அட்டைப்பெட்டி மேல சாஞ்சுட்டீகளாம். முகத்துல தண்ணி தெளிச்சு, கன்னத்துல தட்டி... அவுககிட்ட வீட்டுல சொல்லாதன்னு சத்தியம் வாங்குனீகளாம்.

அபுதாஹிர்: வெயிலு.

சுமைரா: அத்தா.

அபுதாஹிர்: ... ஆமா. விழுந்தேன். விழுந்து முழிச்சப்ப மொத நெனப்பு என்ன தெரியுமா? எம்மவளும் இப்படித்தான விழுந்திருப்பா. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா தாள்ல பார்த்துட்டா... அந்த நொள்ளை அச்சு நான் குடுத்தது. லேபிள் அடிச்ச பாவத்தையாவது ஆர்டர விட்டுக் கழுவிரலாம். இத எதக்கொண்டு கழுவ? அதான் ஆஸ்பத்திரி வாசல மிதிக்கல.

ஹக்கீம்: தெரிஞ்சு குடுக்கல மாமா. உங்களுக்கும் யாரோ தெரியாமக் குடுத்ததுதான்.

அபுதாஹிர்: நீங்க என்னைக் குத்தம் சொல்லணும் மாப்ள. சொன்னாக்கூட எனக்கு லேசா இருக்கும்.

ஹக்கீம்: அதுக்கு நேரம் இல்ல. நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல மதுரை. தினம் மாத்திரை சாப்பிடணும். ஒரு வேளை விடக் கூடாது. கம்பெனிகளுக்கு லோடு கொண்டுபோக வேற ஆள் போடுங்க. செல்போன் மணியக் குறைச்சு வைங்க. ஊர்வலத்துல சரவெடி கிடையாது.

அபுதாஹிர்: மாப்பிள்ளை வீட்டுல என்னன்னு சொல்ல?

சுமைரா: எங்க அத்தா நெஞ்சுக்கு ஆகாதுன்னு நானே அவுககிட்டச் சொல்லிட்டேன். மத்தாப்பு மட்டும் போதும்னு சொல்லிட்டாக. லேபிள் உங்க பிரஸ்தானேன்னு கேட்டுச் சிரிச்சாக.

அபுதாஹிர்: எல்லாரும் கூடி முடிச்சு வச்சிட்டுத்தான் வந்திருக்கீக... சரி. வாரேன். நாளைக்கே வாரேன்.

ஹக்கீம்: நல்லது.

அபுதாஹிர்: இருங்க. ஒண்ணு இடிக்குது.

ஹக்கீம்: என்ன?

அபுதாஹிர்: நான் விழுந்தது போன மாசம். சேலை எடுக்கப் போனது அதுக்கும் முன்னால. அப்பவே இந்த நோவுதான்னு தேடிட்டுத் திரிஞ்சிருக்கீக. தஹ்மீனா உசுரோட இருக்கும்போது அவளுக்கு எடுக்கவே இல்ல.

ஹக்கீம்: எடுக்கல.

அபுதாஹிர்: இவளுக்கு இல்ல. அவ அம்மாவுக்கு இல்ல. எனக்கு எடுத்தது இன்னைக்கு. ஒரிஜினல் இல்லாம ப்ரூஃப் போட முடியாது மாப்ள. எதப் பார்த்து இதுதான்னு பிடிச்சீக?

சுமைரா: மச்சான்... சொல்லிருங்க.

அபுதாஹிர்: ஏன் ரெண்டு பேரும் தரையப் பாக்கீக? மாப்ள?

ஹக்கீம்: ரய்யானுக்கு எடுத்துப் பார்த்தேன் மாமா. உங்க பேரனுக்கும் இதே மேடுதான். மாத்திரை கசக்குதுன்னு துப்புறான். நாளையில இருந்து நீங்க அவன் முன்னால உக்காந்து முழுங்கிக் காட்டணும்.